பிறக்காத ஓலைமேல் சுண்ணாம்பு

என்னை யாரும் கூப்பிடவில்லை. 1974 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு நானாகத்தான் கமிட்டிக் கூட்டத்துக்குள் நுழைந்தேன்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சர்ச்சுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்னால் வெள்ளையடிப்பவர் உமர் பாய். பதினோரு வருஷப் பழக்கம். வாசலில் குட்டிப் பனைபோல ஒரு சைகஸ் செடி நிற்கும். அந்த வருஷம் அதன் ஓலையெல்லாம் வெள்ளைப் புள்ளியாகி, மஞ்சளாகிக் காயத் தொடங்கியது. செயலாளர் சத்தியநாதன் சார் தூரத்தில் நின்று ஒரு பார்வை பார்த்தார். சுண்ணாம்பு தெறித்துச் செடி வெந்துவிட்டது என்றார். உமர் கவனமில்லாதவர், இனி வேண்டாம் என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியும் விட்டார்.

ஒருத்தர்கூட ஓலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். காலேஜில் விலங்கியல் இரண்டாம் வருஷம். பார்க்காமல் இருக்க முடியாது. அடிப்பக்கம் இன்னும் மோசம். சேஃப்டி பின்னை வைத்து ஒரு புள்ளியை நெம்பினேன். மூடி கழன்றது. உள்ளே காலும் இறக்கையும் இல்லாத ஒரு மஞ்சள் பூச்சி, கூடவே முட்டைகள். செதில் பூச்சி. ஓட்டுக்குள் உட்கார்ந்த இடத்திலேயே சாறு உறிஞ்சும்.

ஏமாந்த அனுபவம் எனக்கும் உண்டு. மார்ச்சில் வகுப்போடு கோவளம் பக்கம் போனபோது உப்பங்கழியில் வளரும் அலையாத்தி மரத்தின் இலையில் வெள்ளை வெள்ளையாக இருந்தது. அந்த இலை உப்பை வெளியே தள்ளும் என்று படித்த தைரியத்தில் நக்கிப் பார்த்தேன். கரிக்கவில்லை. மேடம் லென்ஸைக் கொடுத்த பிறகுதான் எதை நக்கினேன் என்று தெரிந்தது.

உமர் பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை.

"எனக்கு வேற வேலை கீது பாப்பா. கவனமில்லாதவன்னு எழுதி வச்சிகிறாங்களே, அதுக்கு இன்னா பண்றது?"

அதற்குத்தான் அந்த ஞாயிறு. ஓலையை மினிட்ஸ் புத்தகத்தின் மேலேயே வைத்தேன். முடிவெடுத்தாகிவிட்டது, போய்ப் பாட்டுப் பிராக்டிஸைப் பார் என்றார் சத்தியநாதன் சார்.

"வெள்ளையடிச்சது டிசம்பர்ல சார். இந்த ஓலை ஜூலை மழைக்கு அப்புறம் வந்தது. பொறக்காத ஓலைமேல எப்படி சார் சுண்ணாம்பு தெறிக்கும்?"

பொருளாளர் அமலராணி டீச்சர் கைக்குட்டைக்குள் சிரித்தார். சுண்ணாம்புதான் என்று நிரூபிக்க, சார் நகத்தால் ஒரு புள்ளியைச் சுரண்டினார். நகம் மஞ்சளாக ஈரமாயிற்று. எங்கே துடைப்பது என்று பார்த்தார். நான் கைக்குட்டை நீட்டவில்லை.

எழுதிய மினிட்ஸை அடிக்கிற வழக்கம் இல்லை என்றார் கடைசியாக.

"அடிக்க வேணாம் சார். அதுக்குக் கீழயே எழுதுங்க, உமர் மேல தப்பில்லைன்னு. எழுதற வரைக்கும் நான் போகமாட்டேன்."

வெளியே பிரஷ் தேய்க்கிற சத்தம் கேட்டது. நான் சொன்னபடி உமர் பாய் சோப்பும் மண்ணெண்ணெயும் கலந்த வாளியோடு வந்து, வெள்ளையடிக்கிற பழைய பிரஷ்ஷால் ஓலைகளைத் திருப்பித் திருப்பித் தேய்த்துக்கொண்டிருந்தார். கெட்டுப்போன ஓலைகள் எரிப்பதற்காக ஓரமாகக் குவிந்திருந்தன.

சத்தியநாதன் சார் எழுதினார். எழுதியதைக் கூட்டத்தில் வாசிப்பது வழக்கம். வாய்க்குள் முணுமுணுத்து முடித்தார்.

"சத்தமா வாசிங்க சார்" என்றேன். "வாசல்ல இருக்கறவருக்குக் கேக்கல."

அவர் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பாதியில் பிரஷ் சத்தம் நின்றது.