மூன்றாவது துண்டு

அன்று அந்த வாடகை அறையில் இருந்தவர்கள்: பெரியவள், அவளுடைய தம்பி, தங்கையான சின்னவள், சின்னவளின் கணவரான மாப்பிள்ளை, வாடிக்கையாளரான மருத்துவமனை நிர்வாகி, கணினிகளைக் கவனிக்கும் கண்ணாடிக்காரன். வாசலில் நின்று கேட்டதாகச் சொல்லித் திரிகிறவர்களை நம்ப வேண்டாம்.

மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்துக் காப்பது, இறந்துபோன அப்பா தொடங்கிய தொழில். போன வாரம் பேட்டரி வெடித்துக் கட்டடமே எரிந்துபோனது. சர்வர்கள், நகல் எடுக்கும் இயந்திரம், எல்லாம் கரி. நகல் டேப்புகள் மட்டும் வேறொரு கிடங்கில் பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றைத் திறக்கும் கடவுச்சொல் எரிந்த இயந்திரத்தோடு போய்விட்டது. ஊருக்கெல்லாம் நகல் எடுத்தவர்கள் தங்கள் இயந்திரத்துக்கு எடுக்கவில்லை!

இன்னும் ஒரு வழி இருந்தது. அப்பா அந்தக் கடவுச்சொல்லை மூன்று துண்டாக்கிப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். ஆளுக்கு ஒன்று. கட்டினவரிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது வீட்டு விதி.

மாப்பிள்ளை இங்கேதான் தொழில் கற்றார். பிறகு எதிர்க்கடை போட்டார். புகை அடங்குவதற்குள் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் போன் போட்டு, "அவங்ககிட்ட இனி சாம்பல்தான்" என்றார். பெரியவள் கூப்பிட்டபோது சின்னவளின் போனையும் அவரே எடுத்து, "அவ தூங்குறா அண்ணி" என்று வைத்தார். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுநாள் அவளே மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள்.

"கம்பெனிய உங்களுக்கே வித்துடுறோம் மாப்பிள்ளை. மூணு பேர் கையெழுத்தும் வேணும். சின்னவளக் கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு வந்தார், புதுச்சட்டையில்.

மேசையில் நகல் டேப்புகளை ஏற்றிய புது இயந்திரம் கடவுச்சொல் கேட்டுக் காத்திருந்தது. மாப்பிள்ளை சிரித்தார். "இன்னும் இதப் போட்டு உருட்டுறீங்களா மச்சான்? சார், உங்க பதிவெல்லாம் புகையாப் போச்சு. இனிமே நான் பாத்துக்கிறேன். எங்க மாமனார் என்னமோ கோட்டை கட்டின மாதிரி பேசுவாரு. ஒரு பேட்டரிக்குத் தாங்கல."

சின்னவள் தலை நிமிர்ந்தது.

பெரியவள் தன் துண்டைத் தட்டினாள். தம்பி தன்னுடையதைத் தட்டினான். சின்னவள் மறுத்துவிட்டால் அப்பாவின் கம்பெனி இன்றே இந்த மனிதரின் கைக்குப் போய்விடும். ஆனாலும் பெரியவள் ஒரே ஒருமுறைதான் கேட்டாள்.

"உன் துண்டு."

"என்ன துண்டு?" என்றார் மாப்பிள்ளை.

சின்னவள் இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அப்பா பழக்கியபடி இடது கையால் மறைத்துக்கொண்டு வலது கையால் தட்டினாள். திரை ஒரு நொடி இருண்டது. பிறகு கோப்புகள் வரிசை வரிசையாக இறங்கத் தொடங்கின.

"வந்துடுச்சுக்கா!" கண்ணாடிக்காரனுக்குக் குரல் உடைந்தது. நிர்வாகி நாற்காலியை இழுத்துப்போட்டு ஒரு ஸ்கேன் படத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தது.

மாப்பிள்ளை எழுந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேடி!"

"நீங்க எங்க கேட்டீங்க? என் போனக்கூட நீங்கதானே பேசுனீங்க" என்றாள் சின்னவள்.

"உட்காருங்க மாப்பிள்ளை" என்றாள் பெரியவள். "சாவிய உங்க கார்லயே ஏத்திக் கொண்டாந்து குடுத்திருக்கீங்க. காபி கூடக் குடிக்காமப் போனா எப்படி? கடைசிக் கோப்பு வரைக்கும் பாத்துட்டுப் போங்க. நாளைக்கு எல்லாருக்கும் போன் போட்டு நீங்களே சொல்லணும்ல?"

நிர்வாகி கதவுப் பக்கம் நாற்காலி போட்டிருந்ததால் மாப்பிள்ளைக்கு வழியும் இல்லை. அவர் உட்கார்ந்தார். பெரியவள் தானே காபி கலந்து கொடுத்தாள். சர்க்கரை போடவில்லை.

பெரியவள் தங்கையின் காலில் விழுந்துதான் மூன்றாவது துண்டை வாங்கினாள் என்று வெளியே பேசுகிறார்கள். விழவில்லை. கடைசிவரை நின்றுகொண்டுதான் இருந்தாள்.