இடது சிலிப்பர்

தப்பு மேளத்தில் அடி விழுந்ததும் ஆம்ப்ளிபயர் மறுபடியும் "டொய்ங்ங்" என்று அலறியது. துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். வசுமதி பிளக்கைப் பிடுங்கி, பின்பலகையைக் கழற்றினாள்.

"தூக்கி ஓரமா வை லா. எந்தம்பி போற நேரத்துலயும் இந்தச் சனியன் கத்தணுமா?" என்றாள் பாஞ்சாலை அத்தை.

"கித்தார் வாசிச்சுத்தான் தூக்கணும்னு அப்பாதானே கேட்டாரு? வேன் எப்ப வருது?"

"ரெண்டு மணிக்கு."

"இருபது நிமிசம் இருக்கு. போதும்."

அப்பா செல்லையாவைப் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். வாரமெல்லாம் தோட்டத்தில் தேயிலை வெட்டும் மிசின் பிடிப்பார். ஞாயிறானால் திருவிழா, கல்யாணம் என்று கித்தார். ஆம்ப்ளிபயரின் அடியில் எதிரொலிக்கென்று ஒரு தகரப்பெட்டி, உள்ளே மெல்லிய சுருள்கம்பிகள். கித்தார் ஒலி அவற்றில் ஓடித் திரும்பினால் தோட்டத்து வரிசை வீடான லயத்து வீடும் மண்டபம்போல் கேட்கும். ஆனால் தரை அதிர்ந்தாலும் கம்பிகள் ஆடும். அந்த ஆட்டமும் சத்தமாக வெளியே வரும்.

லாரியில் ஆடக்கூடாதென்று தகரப்பெட்டியை நாலு ஸ்குரூ போட்டுப் பலகையோடு இறுக்கியிருந்தார். "இறுக்குனா அதிர்வு நேரா உள்ள போகும்ப்பா" என்று மூன்று வருடமாகச் சொன்னாள், எலெக்ட்ரிக்கல் படித்தவள். "ஆடுறதை இறுக்கணும். யுனிவர்சிட்டில அதைக்கூடச் சொல்லித் தரலியா?" என்பார்.

இப்போது நாலு ஸ்குரூவையும் கழற்றிப் போட்டாள். "மகேன் அண்ணே, மெத்துனு ரப்பர் இருக்கா?"

அப்பாவோடு வாசிக்கும் மகேன் உதட்டைப் பிதுக்கினான்.

படியில் அப்பாவின் சிலிப்பர் கிடந்தது. வசுமதி இடதை எடுத்து, குதிகாலைக் கத்தியால் நாலு துண்டாக அறுத்தாள்.

"அடியே! அவன் செருப்பு அவனோடயே போகணும்டி! ஒத்தச் செருப்போட அனுப்புவியா?"

"நடந்தா போறாரு? வேன்லதானே."

அத்தை வலதை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

நாலு மூலையிலும் துண்டுகளை வைத்து, தகரப்பெட்டியை அவற்றின்மேல் உட்காரவைத்து, துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டினாள். பிளக்கைச் செருகினாள்.

"அடிங்க."

தப்பு முழங்கியது. தட்டில் டம்ளர்கள் நடுங்கின. ஆம்ப்ளிபயர் வாயே திறக்கவில்லை.

"இப்ப வாசிங்கண்ணே."

மகேன் ஒரே ஒரு தந்தியை மீட்டினான். அந்த ஒலி லயத்து வீடுகளைக் கடந்து, தேயிலைச் சரிவில் இறங்கி, நிதானமாகத் தேய்ந்தது. சிரித்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

வேன் வளைவில் மறைந்ததும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். வலது சிலிப்பர் இன்னும் அத்தையின் கையில் இருந்தது. வேனில் போடவில்லை. அதன் மண்ணை முந்தானையால் துடைத்து, ஆம்ப்ளிபயர் பக்கத்தில் வைத்தாள்.

"அந்த ரப்பர் தேஞ்சா மாத்தணும்ல."