மேண்டில் மேல் ஒரு மலை

பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத் தரகர் வந்து சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மாப்பிள்ளை ராஜேந்திரனை எனக்குப் பிடித்திருந்தது. மஞ்சக்குட்டை எஸ்டேட்டில் அவருக்குக் கணக்கெழுதும் ரைட்டர் வேலை கிடைத்திருந்தது. கல்யாணம் முடிந்தால் எங்கள் ஏற்காட்டு மலையிலேயே குடியிருக்கலாம். பெண் பார்த்த அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உப்புப் போட மறந்த பஜ்ஜியை மட்டும் முகம் சுளிக்காமல் தின்று தீர்த்தார். அப்படிப்பட்ட மனிதரை விடுவதாக நான் இல்லை.

“காரணம் என்னங்க?” என்று நானே கேட்டேன்.

தரகர் சங்கடமாக அப்பாவைப் பார்த்தார். “ஏற்காட்டு மலை நிக்காதாமுங்க. உங்க புள்ளையே சொல்லுச்சாம்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு மாப்பிள்ளையின் அப்பா காளியண்ணன், “காலேஜுல என்ன கண்ணு படிச்சே?” என்று கேட்டார். ஜியாலஜி என்றேன். அதோடு விட்டிருக்கலாம், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள் நான். “நம்ம சேர்வராயன் மலையெல்லாம் பூமியோட மேலோடுங்க மாமா. முப்பது நாப்பது கிலோமீட்டருக்குக் கீழ மேண்டில் இருக்குதுங்க. அது மேலதான் மலையே உக்காந்திருக்குது,” என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். காப்பி பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

காளியண்ணன் சேலத்தில் கல்யாண வீடுகளுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடுகிறவர். மேண்டில் என்றால் அவருக்கு விளக்குக்குள் கட்டுகிற வெள்ளை வலை. ஒருமுறை எரிந்துவிட்டால் அது வெறும் சாம்பல்; வெளிச்சம் கொடுக்கும், விரல் பட்டால் உதிர்ந்துவிடும். அதன் மேல் ஒரு மலை, மலை மேல் தன் ஒரே மகன் என்று எண்ணி மனிதர் நடுங்கிப்போயிருக்கிறார்.

மறுநாள் பஸ் ஏறிச் சேலத்தில் இறங்கினேன். பெண்ணே போய் நிற்பதா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என் பையில் ஒரு கல் இருந்தது. மலையடிவாரத்து மேக்னசைட் வெள்ளைக்கல் சுரங்கத்துக்குக் கல்லூரியிலிருந்து போனபோது, வெள்ளைக்கல்லைச் சுற்றியிருந்த பாறையிலிருந்து எடுத்து வந்தது.

கடையில் காளியண்ணன் ஒரு விளக்குக்குப் புது மேண்டில் கட்டிக்கொண்டிருந்தார். ராஜேந்திரன் மூலையில் உட்கார்ந்து விளக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

“ஏனுங்க மாமா, நான் சொன்ன மேண்டில் இது இல்லீங்க,” என்று கல்லை மேசை மேல் வைத்தேன். “அது பாறைங்க. கிட்டத்தட்ட இந்த ஜாதிக் கல்லு. பேருதான் ஒண்ணு. சுத்தியல எடுத்து அடிச்சுப் பாருங்க.”

அடித்தார். சுத்தியல் எகிறியது. ரோசத்தோடு இன்னொன்று போட்டார். ஓரத்தில் ஒரு சில்லு உதிர்ந்து உள்ளே மங்கலான பச்சை தெரிந்தது.

“பூமிக்குள்ள கொழம்பாட்டம் கொதிக்குதுன்னு சொல்றாங்களே?”

“சூடு நொம்ப அதிகந்தானுங்க. ஆனா மேல இருக்கிற பாரம் அழுத்தறதுல உருகாம இருக்குது. அங்கங்க கொஞ்சம் உருகும். மத்ததெல்லாம் கெட்டிக் கல்லுங்க.”

“அப்ப அசையவே அசையாது?”

ஆமாம் என்றிருந்தால் அப்போதே காரியம் முடிந்திருக்கும். படித்த படிப்பைப் பொய்யாக்கி எனக்கு ஒரு கல்யாணம் தேவையில்லை. “அசையுமுங்க,” என்றேன். “கெட்டியா இருந்துட்டே மெதுவா நகரும். நம்ம நகம் வளர்ற வேகத்துல.”

காளியண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தார். தன் நகங்களைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

“நகம் வளர்ற வேகத்துலயாச்சும் அது நகருதே அம்மிணி,” என்றார். “எங்கூட்டுல ஒருத்தன் உன்னையப் பாத்துட்டு வந்ததுல இருந்து சரியாச் சோறு திங்கறதில்ல. வேணும்னு வாயத் தொறந்து சொல்றானா பாரு.”

ராஜேந்திரன் எழுந்து வந்தார். காது சிவந்திருந்தது. கல்லை எடுத்து உதிர்ந்த சில்லையும் பொறுக்கிக்கொண்டார். அவர் குரலை நான் கேட்டது அப்போதுதான்.

“இத மஞ்சக்குட்டைக்கு நானே கொண்டாந்தர்றேனுங்க. நம்மூட்டுலயே இருக்கட்டும்.”