ஷிஷிகாவின் இடப்பக்கக் கதவு

டயர்கள் சதுரமாகிக் கிடந்தன. ஆறும் ஏரியும் உறைந்து கிடக்கும் குளிரில், ராத்திரி முழுக்க முற்றத்தில் எஞ்சின் ஓடியபடியே நின்ற லாரிக்கு அப்படித்தான் ஆகும். தரையில் பட்ட பக்கம் தட்டையாக இறுகிப்போய், கிளம்பிக் கொஞ்ச தூரம் வரைக்கும் வண்டி தட்டுத் தட்டென்று குதித்துக்கொண்டே போகும். ஒக்சூன்யாவும் அதோடு சேர்ந்து குதித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணவன் ஹபீரிஸ் இருந்தான். பக்கத்தில் என்பது ஒரு பேச்சுக்குத்தான். ஷிஷிகா என்று ஊரே கூப்பிடும் இந்தப் பழைய ராணுவ லாரியைச் செய்த புண்ணியவான், எஞ்சினைக் கொண்டுபோய் டிரைவருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் உட்கார வைத்துவிட்டான். கிழிந்த கம்பளிகளைப் போர்த்தியிருந்த அந்த மேட்டுக்கு இடப்பக்கம் ஸ்டியரிங்கோடு அவன், வலப்பக்கம் அவள். அது போடும் சத்தத்தில் ஒரு வார்த்தை பேசவேண்டுமென்றாலும் தொண்டை கிழியக் கத்தவேண்டும். கத்திச் சொல்லும்படி அவர்களுக்குள் ஒரு வருஷமாக எதுவும் இருக்கவில்லை.

வழக்கமாக இந்த இருக்கையில் வருகிறவன் தெரேந்தி. ஹபீரிஸின் சித்தப்பா மகன், வாய் ஓயாதவன். நேற்று வீட்டுக்கு வந்து, அடுப்போரம் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணி, இடுப்பு செத்துப்போச்சு. நாளைக்கு அண்ணன்கூட வலைக்கு நீங்க போயிட்டு வாங்க."

"காலைல கூரை மேல ஏறிப் பனி தள்ளிட்டிருந்தியே, அது யாரு, உன் ஆவியா?"

"அது வேற இடுப்பு அண்ணி" என்றான். மற்ற நாளாக இருந்தால் தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "நான் சொன்னா அண்ணன் கேக்க மாட்டேங்கிறாரு. நீங்க ஒருவாட்டி போய்ப் பாருங்க, போதும்."

"என்னத்தப் பாக்கணும்?"

"வலையத்தான்" என்று சொல்லிவிட்டு, இடுப்புவலியை மறந்து விறுவிறுவென்று போய்விட்டான்.

அவள் ஏன் எதற்கென்று யோசிக்கவில்லை. போ என்றால் போவது, வா என்றால் வருவது என்று ஆகி வெகுநாளாயிற்று. பசுக்களுக்குக் காய்ந்த புல் போட்டாள், பால் கறந்தாள், ரொட்டி சுட்டாள். போன வருஷம் இலையுதிர் காலத்தில், ஏரி உறைந்த புதிதில், ஹபீரிஸ் நகரத்துக்குப் போன் பண்ணி மகன் எர்ச்சிமிடம், "வலை இழுக்க ஆள் பத்தலடா, ரெண்டு நாள் லீவு சொல்லிட்டு வா" என்றான். அவனும் சரிப்பா என்று வாடகை ஜீப்பில் கிளம்பினான். ஜீப் ஊர் வந்து சேரவில்லை. மலை வளைவில் உருண்டுவிட்டது. இருபத்துமூன்று வயது. சவப்பெட்டி இறங்கும்போது ஊரே அழுதது, அவளுக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. பிறகு வரும் என்று காத்திருந்தாள். பிறகும் வரவில்லை. மரத்துப்போன விரலை எதில் வைத்தாலும் தெரியாதே, அந்த மாதிரி இருந்தாள்.

ஆற்றங்கரை வந்தது. ஹபீரிஸ் வேகத்தைக் குறைத்து, "கதவு!" என்று கத்தினான்.

சொல்லவே வேண்டாம். உறைந்த ஆற்றில் வண்டி இறங்கினால் கதவைத் திறந்து வை என்று அந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பனி உடைந்து வண்டி மூழ்கினால், மூடின கதவைத் தண்ணீர் திறக்க விடாது. குளிர் மூஞ்சியைப் பிய்த்தாலும் பரவாயில்லை, அக்கரை சேரும் வரைக்கும் இரண்டு கதவும் திறந்துதான் இருக்கவேண்டும். அதிலும் இந்த ஆற்றின் நடுவே அடியில் ஒரு ஊற்று உண்டு. எத்தனை குளிர் அடித்தாலும் அந்த இடத்தில் பனி கெட்டிப்படாது. ஒக்சூன்யா தன் பக்கக் கதவைத் தள்ளித் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்க வாரில் மாட்டினாள். குளிர் உள்ளே பாய்ந்தது. அப்புறம்தான் கவனித்தாள், அவன் பக்கத்துக் கதவு மூடியே இருந்தது.

"உன் கதவு?" என்று கத்தினாள்.

"கீல் இறுகிப்போச்சு!"

வண்டி ஆற்றைக் கடந்தது. சக்கரத்துக்கு அடியில் பனி எங்கோ தூரத்தில் முனகுவது போல ஒரு சத்தம் போட்டு அடங்கியது. அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஏரிக்கு வந்து வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் வசந்தத்தில்தான் கிளம்பும். பிறகு கைப்பிடியை ஒரு விரலால் அழுத்தினான். கதவு கிளிக் என்று திறந்துகொண்டது. ஒரு முனகல் இல்லை, முக்கல் இல்லை, எண்ணெய் போட்ட கீல் மாதிரி வழுக்கிக்கொண்டு திறந்தது. அவன் குதித்து இறங்கி, கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் நடந்தான்.

ஒக்சூன்யா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரேந்தி எதைப் பார்க்கச் சொன்னான் என்பது புரிந்தது. புரிந்தும் நெஞ்சு பதறவில்லை. அட பாவி மனுஷா என்று நினைத்தாள், அவ்வளவுதான். பதறாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பொழுது சாய்கிற வரை வேலை செய்தார்கள். ஏரிப் பனியில் வலைக்காகப் போட்டிருந்த துளைகளில் இரவு உறைந்ததை அவன் குத்தி உடைக்க, அவள் கரண்டியால் அள்ளி வெளியே கொட்டினாள். அவன் வலையை இழுக்க, அவள் மீனைக் கழற்றினாள். வெள்ளை மீன்கள் நல்ல கனத்தில் விழுந்திருந்தன. மேலே வந்த மீன் ஒருமுறை வாலை அடிக்கும், இரண்டாம் முறை அடிப்பதற்குள் விறைத்துவிடும். விறைத்ததை விறகு மாதிரி அடுக்கினார்கள். முன்பெல்லாம் வலையில் கை வைப்பதற்கு முன்னால் ஹபீரிஸ் நெருப்பு மூட்டி, காணிக்கையாக அப்பத்தைப் பிய்த்து அதில் போட்டு, "நல்லபடியா வீட்டுக்கு அனுப்பிவை" என்று ஏரியிடம் சத்தமாகக் கேட்பான். இன்றைக்கும் அப்பத்தைப் போட்டான். ஆனால் எதுவும் கேட்கவில்லை.

கடைசித் துளையில் வலை சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்கக் குனிந்தவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சட்டென்று கையுறையை உருவி எறிந்துவிட்டு, வெறும் உள்ளங்கையை அவள் கன்னத்தில் வைத்து அழுத்தினான்.

"கன்னம் வெறச்சு வெள்ளையாயிடுச்சு கிழவி. உனக்குத் தெரியலையா?"

"தெரியல."

"உனக்கு எதுதான் தெரியும்" என்று முணுமுணுத்தபடி, கன்னத்தில் திரும்ப ரத்தம் ஓடும்வரை கையை எடுக்காமல் நின்றான். கலியாணம் ஆன புதிதிலேயே கிழவன் கிழவி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள், அந்தப் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டிகள் எல்லோரும் அப்படித்தான். கிழவி என்று அவன் கூப்பிட்டே எத்தனை நாளாயிற்று. கன்னத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஊசி குத்தத் தொடங்கியது. பிறகு நெருப்பாக எரிந்தது. அவன் விரல்கள் குளிரில் சிவந்து விறைப்பதை அவள் பார்த்தாள். என் கன்னம் வெளுத்தால் பதறுகிறான், என் கதவைத் திற என்று கத்துகிறான், தன்னை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டான் என்று தோன்றியது. ஆத்திரமாக வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த ஆத்திரம்.

திரும்பும்போது வெளிச்சம் நீலமாக மங்கியிருந்தது. மீன் மூட்டைகளின் பாரத்தில் லாரி முக்கிக்கொண்டு போனது. ஆற்றங்கரை வந்ததும் அவன் கத்தினான்.

"கதவு!"

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தாள்.

"ஏ கிழவி, காது அடைச்சுப்போச்சா? கதவத் தொற!"

"கீல் இறுகிப்போச்சு!"

அவன் பிரேக்கை மிதித்தான். முன்சக்கரம் பனியின் விளிம்பில் நின்றது.

"வெளையாடாத. பின்னாடி பாரம் இருக்கு. நடுவுல ஊத்து இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சா தொற!"

"உன்னுது?"

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். "எனக்குக் குளிருது."

"எனக்குந்தான் குளிருது. ரெண்டும் மூடியே இருக்கட்டும். ஓட்டு, போலாம்!"

அவன் ஓட்டவில்லை. எஞ்சின் இருவருக்கும் நடுவில் உறுமிக்கொண்டிருந்தது. அவன் உதடு அசைந்தது. கத்தாமல் சொன்னதால் காதில் விழவில்லை. ஆனால் என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரிந்தது: நான்தானே கூப்பிட்டேன் அவனை.

"ஆமா!" என்று அவள் கத்தினாள். "நீதான் கூப்பிட்ட! நானும் அப்படித்தான் நெனச்சேன். உன் மூஞ்சியப் பாக்கிறப்பல்லாம் நெனச்சேன். நீ கூப்பிடாம இருந்தா எம்புள்ள இருந்திருப்பான்னு நெனச்சேன்! வாயத் தொறந்து சொல்லல, அவ்வளவுதான்!"

அவன் தலையாட்டினான். எதிர்பார்த்திருந்தவன் போல ஆட்டினான்.

"அதுக்காக? ஆத்துக்குள்ள போயிருவியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம? வீட்டுல நான் யாருக்குக் கிழவா ரொட்டி சுடுறது, பசுமாட்டுக்கா?" கன்னம் எரிந்த இடத்தில் ஏதோ சூடாக வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. "போறதுன்னா ரெண்டு பேரும் போவோம். ஓட்டு!"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் பக்கத்துக் கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் எஞ்சின், அவன் கை அதுவரை எட்டாது. பிறகு இடது கையால் தன் கைப்பிடியை அழுத்தினான். கதவு கிளிக்கென்று திறந்தது. குளிர் வெள்ளைப் புகையாக உள்ளே புகுந்து, கம்பளி மேட்டைத் தாண்டி அவள் முழங்காலைத் தொட்டது. அதற்குப் பிறகுதான் அவள் தன்னுடையதைத் திறந்தாள்.

ஆற்றில் மெதுவாகப் போனார்கள். ஊற்று இருக்கும் இடத்தில் பனி முனகியது. அவன் இடது கால் வெளியே படியில் ஊன்றியிருந்ததை அவள் பார்த்தாள். குதிக்கத் தயாராக இருப்பவன் வைக்கிற மாதிரிதான் வைத்திருந்தான். ஒருவேளை கதவு மூடிக்கொள்ளாமல் இருக்கத்தான் வைத்தானோ என்னவோ.

அக்கரை ஏறியாயிற்று. கெட்டித் தரை வந்தால் கதவைச் சாத்துவதுதான் வழக்கம். அவள் அவன் சாத்தட்டும் என்று பார்த்தாள். அவன் அவள் பக்கம் பார்த்தான். யாரும் முதலில் சாத்தவில்லை. லார்ச் மரங்களுக்கு நடுவே லாரி குதித்துக் குதித்துப் போக, கிளைகளிலிருந்து உதிர்ந்த பனித்தூள் இருபக்கமும் உள்ளே விழுந்து கம்பளியின் மேல் படிந்தது. எஞ்சின் சூட்டில் அது உருகி ஆவியாகிக்கொண்டிருந்தது. ஊர் விளக்குகள் தெரிந்தன. இரண்டு கதவும் திறந்தபடியே இருந்தன.