ரெஃபரன்ஸ் சுயம்புலிங்கம்

தம்பி அஸ்வினின் ரெஸ்யூமை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலைக்கும் கொடுக்கலாம், பெண் வீட்டுக்கும் கொடுக்கலாம் என்கிற மாதிரி இருந்தது. அப்பா பெயர், மதம், உயரம் எல்லாம் இருந்தது, தி.நகரில் எங்கள் பாத்திரக்கடையில் எட்டு வருஷமாக அவன் என்ன செய்தான் என்பது மட்டும் இல்லை. தரமணியில் என் ஆபீசுக்கும் தினம் இப்படிக் கட்டுக்கட்டாக வரும். "கடின உழைப்பாளி" என்று எழுதிக்கொள்ளாத சோம்பேறியே கிடையாது.

"இதெல்லாம் எடுடா. நீ செஞ்சதைச் சொல்லு," என்றேன்.

யோசித்து யோசித்துச் சொன்னான். தீபாவளி முடிந்தும் விற்காமல் தேங்கும் சரக்கைப் பாதியாகக் குறைத்தது, மெஸ்களுக்கும் மண்டபங்களுக்கும் நேரில் அலைந்து ஆர்டர் பிடித்தது. ஒரே பக்கத்தில் அடித்து முடித்தபோது எனக்கே அவனை வேலைக்கு எடுக்கலாம் போலிருந்தது. கிண்டியில் ஒரு கம்பெனியில் சரக்குக் கொள்முதல் பார்க்கும் வேலை. கிடைத்தால் கடையை விட்டுவிடுவான். அதை அப்பாவிடம் சொல்ல அவனுக்குத் தைரியமில்லை, எனக்கும்தான்.

கடைசியில் ரெஃபரன்ஸ் கேட்டிருந்தார்கள். கடை முதலாளி சுயம்புலிங்கம் என்று அப்பாவின் பெயரையும் நம்பரையும் போட்டான். வேறு யாரைப் போடுவான், பாவம்.

"அப்பாகிட்ட மொதல்ல சொல்லிரு."

"இதுக்கெல்லாம் யாருக்கா போன் பண்ணப் போறாங்க?"

பண்ணினார்கள். அப்போது வீட்டில் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்ததால், பையன் எப்படி என்று விசாரித்து அப்பாவுக்கு அடிக்கடி போன் வரும்.

அன்று எனக்கு லீவு. மதியம் சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்குப் போனேன். ஒரு அம்மாள் வாங்கிய தூக்குவாளியில் அப்பா மிஷினை வைத்துப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"பிரியா, காலைல ஒரு நல்ல எடம் வந்துச்சும்மா. பொண்ணோட அக்காவோ யாரோ பேசுச்சு. லீவு போடுவாரா, கோவம் வருமான்னுலாம் வெவரமா கேட்டுச்சு."

ஏணியில் நின்று குக்கர் அடுக்கிக்கொண்டிருந்த அஸ்வின் அப்படியே நின்றுவிட்டான்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"உள்ளதைத்தான் சொன்னேன். சரக்கு பாக்குறதுல என் கண்ண விட அவன் கண்ணு நல்ல கண்ணு. இன்னைக்கு இந்தக் கடை நிக்குதுன்னா அவனாலதான்னேன்." குரலைத் தாழ்த்தினார். "அவர் போயிட்டா ஒங்களுக்குக் கஷ்டமாச்சேன்னுச்சு. தனிக்குடித்தனம் கேக்காங்க போல. அவன் எங்கயும் போவ மாட்டாம்மான்னுட்டேன்."

இதில் ஒரு வார்த்தையைக்கூட அப்பா அஸ்வினிடம் சொன்னதில்லை. அவன் குக்கரைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கல்லாமேல் கிடந்த அவன் போன் அடித்தது. அப்பா எட்டிப் பார்த்தார்.

"இது காலைல வந்த நம்பர்லா. பேசுலே, ஒங்கிட்டயே கேக்காங்க."

"அப்பா, இருங்க," என்று அஸ்வின் சொல்வதற்குள் மிஷினை அணைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, போனை ஏணிப் பக்கம் உயர்த்திப் பிடித்தார்.

"அஸ்வின், உங்களை செலக்ட் பண்ணியிருக்கோம். உங்க சார் அவ்வளவு நல்லபடியா சொன்னார். வேலைல எப்ப சேருவீங்க?"

அப்பா உயர்த்திய கையை இறக்கவில்லை. சிரிப்பும் முகத்திலிருந்து இன்னும் முழுசாகப் போகவில்லை. அஸ்வின் போனைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டு ஒரு படி இறங்கினான்.

"ஹலோ, அஸ்வின்?" என்றது போன்.

"சார், பேரு பாதியில நிக்குதே," என்று அந்த அம்மாள் வாளியைத் திருப்பிக் காட்டினாள்.