எங்கள் பெயரில் மூன்று ஏக்கர்

என் வீட்டுக்காரன் சிங்காரவேலுவுக்குப் பொய் சொல்ல வராது. வேறு குறை ஒன்றும் சொல்ல மாட்டேன். என் உயிரை வாங்க இந்த ஒன்றே போதும்.

நாங்கள் இருளர். பாபநாசம் பக்கத்து வயல்களில் எலி பிடிக்கிறவர்கள். வளைக்குள் புகை ஊதி எலியைப் பிடிப்போம், அது சேர்த்து வைத்த நெல்லை எடுத்துக்கொள்வோம், வெட்டிய வரப்பை மண் போட்டு மிதித்து அடைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். ஒரு வருஷம் யாரோ ஜீப்பில் வந்து, நாட்டை முன்னேற்றுகிறோம் என்று ஊரெல்லாம் விஷம் வைத்தார்கள். ஆந்தை செத்தது, மிராசுதார் பஞ்சநதம் வீட்டு நாய் செத்தது. எலி மட்டும் பேரன் பேத்தி எடுத்தது. அப்புறம் எங்களைத்தான் கூப்பிட்டு விட்டார்கள்.

ஊர் நெல்லைக் காப்பாற்றுகிற எங்களுக்குக் குடிசை போட ஓர் இடம் கிடையாது. வாய்க்கால் கரையில் போட்டால் ஒருவன் விரட்டுவான், களத்து மேட்டில் போட்டால் இன்னொருவன். ஒன்பது தரம் பிரித்துக் கட்டியாயிற்று.

அந்த வருஷம்தான் நில உச்சவரம்புக் கெடுபிடி. அளவுக்கு மேல் வைத்திருந்தால் சர்க்கார் எடுத்துக்கொள்ளும். பஞ்சநதம் சும்மா இருப்பாரா? மாமியார் பெயரில் கொஞ்சம், சமையல்காரர் பெயரில் கொஞ்சம் எழுதி வைத்தார். ரேஷன் கார்டுக்கு என்று என் வீட்டுக்காரனிடம் கைரேகை வாங்கி, அவன் பெயரில் மூன்று ஏக்கர். தாசில்தார் விசாரிக்க வருவதற்கு முதல் நாள்தான் எங்களுக்கே சொன்னார்.

"யாரு நிலம்னு கேட்டா என்னடா சொல்லுவ?"

"உங்க நிலம்னு சொல்லுவேங்க ஐயா."

"அட மடையா! உன் நிலம்னு சொல்லுடா!"

"ஐயோ, நாக்கு அழுகிப் போயிடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காகிதத்தில் எங்கள் நிலம் என்றால் எங்கள் நிலம்தானே! "யோவ், ஐயா சொல்லிக் குடுத்ததைச் சொல்லு, அதோட வாயை மூடு" என்று ராத்திரியெல்லாம் ஓதினேன்.

மறுநாள் தாசில்தார் வயலுக்கே வந்துவிட்டார், கூடவே மிராசுதாரும். "என் நிலம்தாங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னான் என் ஆள். அவர் நம்பவில்லை. வரப்பில் இருந்த ஒரு வளையைக் காட்டி, "எங்கே, அதை வெட்டு பார்ப்போம்" என்றார்.

மண்வெட்டியை எடுத்தான். எந்த வயலானாலும் உடையவரைக் கேட்காமல் வளை வெட்டுவது எங்களுக்குப் பழக்கமில்லை. பாவி மனுஷன், தோள் துண்டை இடுப்புக்கு இறக்கி மிராசுதாரைப் பார்த்து, "ஐயா, வெட்டிக்கட்டுங்களா?" என்றானே!

"சொந்த வயலை வெட்ட அவரை ஏன்ப்பா கேக்குற?" என்றார் தாசில்தார்.

எனக்கு வந்ததே கோபம்! மண்வெட்டியைப் பிடுங்கினேன். "இந்த மனுஷன் சோத்துக்கு உப்பு போடவும் நாலு பேரைக் கேப்பாருங்க! எங்க வரப்பு, எங்க எலி, நான் வெட்டுறேன்!" ஒரு வளையோடு விட்டேனா? வரப்பையே வெட்டித் தள்ளினேன். ஓர் எலி தாசில்தார் பூட்ஸ் மேல் ஏறி ஓடியது. வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த மிராசுதாரின் நாற்றங்கால் தண்ணீர் முழுக்க எங்கள் மூன்று ஏக்கரில் பாய்ந்தது. அவர் பதறிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணையா?" என்றார் தாசில்தார்.

ஆமாம் என்றால் நிலம் சர்க்காருக்கு. மிராசுதார் முன்னால் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "எனக்கென்னங்க, அவங்க நிலம், அவங்க வெட்டுறாங்க."

தாசில்தார் அதை அப்படியே எழுதி, மிராசுதாரிடமே கையெழுத்தும் வாங்கினார்.

சாயங்காலமே குடிசையைப் பிரித்துக் கொண்டுவந்து அந்த வயல் மேட்டில் போட்டோம். மூங்கில் ஊன்றி முடிப்பதற்குள் மிராசுதார் மூச்சிரைக்க வந்தார். "ராஜாத்தி, கூத்து முடிஞ்சுது. தாசில்தார் போயாச்சு."

என் வீட்டுக்காரன் வாயைத் திறந்தான். என்ன சொல்வான் என்று தெரியாதா? ராத்திரிச் சோற்றுக்குச் சுட்டு வைத்திருந்த எலியில் ஒரு துண்டைப் பிய்த்து அந்த வாயை அடைத்தேன்.

"அவரு போயிட்டாருங்க ஐயா. நாங்க போகலீங்க."