யூனோவுக்குப் பூசிய பைபர்

பிரேக் ஆயில் மறுபடி குறைந்திருந்தது. பிரிஜா பானெட்டைத் திறந்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மூடி வைத்த திரவம் தானாகக் குறையாது. எங்கோ போகிறது. ஆனால் வண்டி நின்ற தரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

அப்பா ஏசுஅடிமையிடம் சொன்னாள். அவர் கொஞ்சம் ஆயிலை ஊற்றி மூடினார். கடல்காற்றில் எதுவும் குறையத்தான் செய்யும் என்றார். வண்டியை யார் குறை சொன்னாலும் அவருக்குப் பொறுக்காது. ஃபியட் யூனோ. இத்தாலியில் சின்னக் குடும்பங்களுக்கென்று செய்தது. வெளியே பெட்டி மாதிரி, உள்ளே வீடு மாதிரி என்பார். தொண்ணூறுகளில் இங்கே வந்தபோது பதிவுசெய்து காத்திருந்தவர்கள் ஏராளம், கிடைத்தவர்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒன்று முட்டம் கடற்கரையில் நிற்கிறது என்பதில் அவருக்குப் பெருமை.

இப்போது பாகங்கள் கிடைப்பதில்லை. உப்புக்காற்று வண்டியின் அடியைத் தின்னத் தொடங்கியதும், மீன்பிடிக்கப் போகும் தன் வள்ளத்துக்குச் செய்வதையே இதற்கும் செய்தார். அடிப்பாகம் முழுக்க பைபர் துணி ஒட்டி, ரெசின் பூசி இறுக்கினார். அதன் கேபிளும் ரெசினில் சேர்ந்து இறுகிவிட, அதன்பிறகு ஹேண்ட் பிரேக் அசையவில்லை. அதற்கென்ன, கரையேற்றிய வள்ளத்துக்கு முட்டுக் கொடுப்பதுபோல டயருக்குக் கல் வைத்தார். அந்தக் கல் எப்போதும் வண்டியிலேயே கிடந்தது.

அன்று பிரிஜாவின் குழந்தை ஜெனிலாவுக்குக் காய்ச்சல். நாகர்கோவிலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். வேறு வண்டி கூப்பிடலாமா என்று பிரிஜா மெல்லக் கேட்டாள்.

"ஏட்டி, இப்பிடியா பேடிப்ப? வள்ளத்துல ஓட்டை விழுந்தாலும் இதுல விழாது," என்று அவள் பயத்தைத் தள்ளிவிட்டார் அப்பா.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது, கடற்கரைக்கு இறங்கும் சரிவில், பெடல் அவள் காலுக்குக் கீழே மெத்தென்று போனது. மறுபடி மிதித்தாள். அடிவரை போனது. வேகம் சற்றுக் குறைந்தது, அதற்குமேல் குறையவில்லை. கீழே தலையில் மீன் சருவங்களோடு பெண்கள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பாறை. பிறகு கடல்.

"அப்பா, நிக்கல்ல."

"சவுட்டு."

"சவுட்டிட்டுத்தான் இருக்கேன்."

பின்சீட்டில் அவர் குழந்தையை நெஞ்சோடு இறுக்குவதைக் கண்ணாடியில் பார்த்தாள். எத்தனையோ புயலில் கடலுக்குப் போய்வந்தவர். அவர் முகத்தில் இப்போது பயம் இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அசையவில்லை. கியரை இரண்டுக்கு மாற்றினாள். என்ஜின் அலறியது. ஒன்றுக்கு மாற்றினாள். ஹாரனை விடாமல் அழுத்த, பெண்கள் சிதறி ஓடினார்கள். இடப்பக்கம் யாரோ வீடு கட்டக் குவித்திருந்த மணல் தெரிந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தாள்.

வண்டி மணலில் மூக்கைப் புதைத்து நின்றது. குழந்தை வீரிட்டது.

அப்பா இறங்கி, ஓடிவந்த மீன்காரி ஒருத்தியிடம் குழந்தையைக் கொடுத்தார். பழக்கத்தில் கல்லை எடுத்து டயருக்கு வைத்தார். பிறகு மீன்காரியின் கத்தியை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். திரும்பி வந்து கையை விரித்துக் காட்டினார். கீறி எடுத்த பைபர் துண்டு. அதில் எண்ணெயும், பிரேக் குழாயாக இருந்த துருவும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒழுகியதெல்லாம் அதற்குள்ளேயே தேங்கியிருக்கிறது.

"உப்புவெள்ளம் உள்ள ஏறாம இருக்கத்தான் மக்ளே பூசினேன்."

அவள் இன்னும் டிரைவர் சீட்டிலேயே இருந்தாள்.

"இறங்கு. கல்லு வெச்சிருக்கேன்லா."

குழந்தை வெளியே இருந்தது. பத்திரமாக இருந்தது. ஆனாலும் அவள் வலது கால் பெடலை அடிவரை அழுத்தியபடியே இருந்தது. எடுத்தால் எல்லாம் மறுபடி உருளத் தொடங்கிவிடும்.

ஏசுஅடிமை கதவருகே முட்டுக்குத்தி உட்கார்ந்தார். துரு ஒட்டிய கையால் அவள் கணுக்காலைப் பிடித்து, மெதுவாகத் தூக்கினார்.